கொலையாளியை மாற்றும் விண்ணப்பம்

இடைவேளையில் பார்வையாளர்கள் கொலையாளியை நிராகரித்துவிட்டார்கள். மதுரையில், அந்த நாடக மன்றத்தில், அதற்கு விதி உண்டு.

மங்கையர்க்கரசி பன்னிரண்டு மர்ம நாவல்கள் எழுதியவள். மேடைக்கு எழுதியதில் இது மூன்றாவது. கணவர் சௌந்தரபாண்டியனோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மன்றச் செயலாளர் தவமணி வந்து ஒரு படிவத்தை நீட்டினார்.

“பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாங்கம்மா. வேற கொலைகாரன் வேணும்.”

“கதையில வேற ஆளே இல்லையே சார்.”

“எழுதுனவங்க இருக்கீங்கல்ல.”

படிவத்தில் ‘புதிய கொலையாளி’ என்ற இடத்தில் அவள் பெயர் ஏற்கெனவே இருந்தது. கையெழுத்துப் போட மறுத்தாள். நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒரு பெண்மணி முறுக்கு மெல்வதை நிறுத்தினாள். மங்கையர்க்கரசி கையெழுத்திட்டாள்.

மேடைக்கு ஆறு படிகள். ஏறி முடிக்க இருபது நிமிடம் பிடித்தது. ஏற ஏறப் படிகள் கூடின.

இன்ஸ்பெக்டராக நடித்தவர் அவள் எழுதிய கேள்விகளையே அவளிடம் கேட்டார். யாரும் தப்ப முடியாதபடி அவற்றை எழுத அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

“கொலை நடந்தப்ப எங்க இருந்தீங்க?”

“கீழதான். என் வீட்டுக்காரர் பக்கத்துல. அவரையே கேளுங்க.”

சௌந்தரபாண்டியன் எழுந்தார். இருபத்திரண்டு வருடமாக அவளுடைய கைப்பிரதிகளை முதலில் படிப்பவர் அவர்தான்.

“நான் தனியாத்தான் வந்தேன்.”

“என்னங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. இன்ஸ்பெக்டரை மறைக்குது” என்றார் சௌந்தரபாண்டியன்.

அவள் தள்ளி நின்றாள். சோபாவில் கிடந்த பிணம் கையைத் தூக்கி அவளைச் சுட்டியது. நாடகத்தில் அப்படி இல்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இனி ஒப்புதல் வாக்குமூலம்தான். இரண்டு பக்க வசனம். அவளுக்கு மனப்பாடம். சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு வரி பொய்யாக ஒலித்தது. நிறுத்தினாள். “தெரியாமல் செய்துவிட்டேன்” என்பதை எடுத்துவிட்டு, “அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்” என்றாள். இப்போது சரியாக இருந்தது. செத்தவரின் கண்களின் நிறம்கூட அவளுக்கு நினைவு வந்தது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவளுடைய எந்த நாடகத்துக்கும் அப்படித் தட்டியதில்லை. அவள் ஒரு கான்ஸ்டபிளைத்தான் எழுதியிருந்தாள். நான்கு பேர் வந்தார்கள். விலங்கு கனமாக இருந்தது.

திரை விழுந்தது. அந்தப் பக்கம் தவமணியிடம் யாரோ பேசும் குரல் கேட்டது. சௌந்தரபாண்டியனின் குரல்தான்.

“ஆறரை மணிக் காட்சிக்கு டிக்கெட் இருக்கா?”

“எத்தனை பேரு?”

“ஒரே ஆளுதான். முன்வரிசையாக் குடுங்க.”