விலை தெரிந்த வீட்டுக்காரர்

லிப்ட் மெக்கானிக் விசாரணைக் கமிஷன் முன்னால் பேசியது மொத்தம் பதினோரு நிமிடம். அதற்குள் மேயரின் மைத்துனர் மூன்று தடவை கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

மெக்கானிக் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட மனைவியைத்தான் கூப்பிடுவார். அவரை வரச்சொல்லி ஒரு காகிதம் வந்தது, போனார். கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நகராட்சிக் குடியிருப்பில் பன்னிரண்டு கட்டடங்கள், ஒவ்வொன்றும் ஏழு மாடி. கட்டும்போதே லிப்ட்டுக்கு என்று குழி விட்டிருந்தார்கள். இருபது வருஷமாக அந்தக் குழியில் புறாக்கள்தான் குடியிருந்தன. இப்போதைய மேயர் வந்த இரண்டாவது வருஷமே ஏழு கட்டடங்களுக்கு லிப்ட் வந்துவிட்டது. பொருத்தியது நம் மெக்கானிக் வேலை பார்க்கும் கம்பெனி. ஆனால் நகராட்சி கம்பெனியிடம் நேராக வாங்கவில்லை, மேயரின் மைத்துனர் வழியாக வாங்கியது. அதே மாதம் அதே லிப்ட்டை மெக்கானிக் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் பொருத்தியிருந்தார். அந்த விலை அவருக்குத் தெரியும்.

"இரண்டும் ஒரே சரக்கா?" என்று கமிஷன் நீதிபதி கேட்டார்.

"அதே மோட்டார், அதே இரும்புக் கயிறு, உள்ள இருக்கிற கண்ணாடிகூட அதேதாங்க ஐயா. ஆஸ்பத்திரிக்காரங்க பாதி விலைக்கு வாங்கினாங்க" என்றார் மெக்கானிக்.

மறுநாள் வேலை போய்விடும், குடியிருப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று பயந்துகொண்டேதான் வீடு வந்து சேர்ந்தார். இரண்டும் நடக்கவில்லை. இவரை அனுப்பிவிட்டால் ஊர் முழுக்க இவர் பார்த்துக்கொள்ளும் எழுபது லிப்ட்டுக்கு ஆள் தேடவேண்டுமே என்று கம்பெனி கம்மென்று இருந்துவிட்டது. குடியிருப்பிலோ, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத வாட்ச்மேன் இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். டீக்கடைக்காரர் ஒரு வாரம் இவரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. மைத்துனர் மேல் வழக்குப் போட்டார்கள். மேயர், "மைத்துனர் செய்தது எனக்குத் தெரியாது" என்றார். அதை நம்பியவர் குடியிருப்பில் ஒருவரும் இல்லை.

மெக்கானிக்கின் மாமனார்கூட நம்பவில்லை. மாமனார் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். மகளோடும் மருமகனோடும் ஆறாம் மாடியில் இருந்தார். இரண்டு முழங்காலும் தகராறு. லிப்ட் வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் அவர் கீழே இறங்கவே இல்லை. பால்கனியில் உட்கார்ந்தபடியே தெருவைப் பார்த்துப் பார்த்து, ஆட்களை உச்சந்தலை வழுக்கையை வைத்தே அடையாளம் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார். லிப்ட் வந்தபின் காலை ஏழு மணிக்குத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், டீக்கடை, சீட்டாட்டம், ஊர் வம்பு எல்லாம் முடித்துச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்.

"தேன் எடுத்தவன் புறங்கைய நக்கத்தான் செய்வான் மாப்பிள்ளை" என்றார் அவர்.

"நக்கினது புறங்கை இல்ல மாமா, முழங்கை வரைக்கும்" என்றார் மெக்கானிக்.

மாமனார் அதை மறுக்கவில்லை. சிரித்துவிட்டுச் சீட்டாடப் போய்விட்டார்.

மூன்று மாதத்தில் தேர்தல் வந்தது. மேயரை எதிர்த்து நின்றவர் பேராசிரியர். இவரும் முன்பு ஒரு தடவை மேயராக இருந்தவர்தான். கை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். நகராட்சிப் பேனாவில் சொந்தக் கடிதம் எழுதமாட்டார். அவர் காலத்தில் லிப்ட்டுக்கு நான்கு தடவை டெண்டர் விட்டார், நான்கு தடவையும் ஏதோ ஒரு குறை கண்டுபிடித்து ரத்து செய்தார். குறைகள் எல்லாம் உண்மையான குறைகள்தான். புறாக்களுக்குத்தான் கொண்டாட்டம்.

மெக்கானிக்குக்குப் பேராசிரியரை ரொம்பப் பிடிக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேட்பாளரோடு வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பேராசிரியர் ஊழல் கணக்கை விளக்கும்போது, "அநியாயம் சார்", "அடுக்குமா சார்" என்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். ஒரு அம்மாள், மைத்துனர் புதிதாகக் கட்டும் வீட்டில் எத்தனை ஜன்னல் என்பதுவரை எண்ணி வைத்திருந்தார். பேராசிரியர் படியிறங்கும்போது, "நம்ம பக்கம்தான் காத்து" என்று மெக்கானிக்கின் தோளைத் தட்டினார்.

காற்று எந்தப் பக்கம் என்பது ஓட்டு எண்ணியபோது தெரிந்தது. மேயர் போன தடவையைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். மெக்கானிக் ஓட்டுப் போட்ட சாவடியில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் பேராசிரியருக்கு விழுந்தது ஐம்பத்தெட்டு.

மெக்கானிக்குக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது. எழுந்து நின்ற வாட்ச்மேன், டீக்குக் காசு வாங்காத கடைக்காரர், ஜன்னல் எண்ணிய அம்மாள் எல்லோருமா என்று யோசித்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டுக்குள் அத்தனை பேரையும் அடைக்க முடியவில்லை. யாரோடும் சண்டை போடத் தெரியாத மனிதர். கோபத்தை எங்கேயாவது காட்டியாக வேண்டுமே. லிப்ட்டில் ஏறமாட்டேன் என்று முடிவு செய்தார்.

இரண்டு நாள் ஆறு மாடியும் படியிலேயே ஏறி இறங்கினார். கையில் பத்துக் கிலோ கருவிப் பெட்டி வேறு. லிப்ட்டில் வந்த மாமனார் ஆறாம் மாடியில் கதவு திறந்து வெளியே வரும்போது, மருமகன் கைப்பிடியைப் பிடித்தபடி ஐந்தாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்குவார். மாமனார் மரியாதை தெரிந்தவர். மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உள்ளே போய் மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாம் நாள் காலையில் மனைவி கேட்டுவிட்டாள். அவள் கீழ்த்தளத்தில் இன்னும் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கும் கடை நடத்துபவள். கடைக்குக் கிளம்பும் நேரம். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"என்னங்க, லிப்ட் ஏதும் ரிப்பேரா?"

"லிப்ட் நல்லாத்தான் இருக்கு. மனுஷங்கதான் ரிப்பேர்."

"நானும் மேயருக்குத்தான் போட்டேன்" என்றாள் அவள்.

மெக்கானிக் ஷூ லேஸைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். "திருடன்னு தெரிஞ்சுமா?"

"நீங்க சொல்லித்தானே ஊருக்கே தெரியும். நான் இல்லேன்னு சொன்னேனா? வாத்தியார் தங்கமான மனுஷர். என் கடைச் சாவிய நம்பிக் கொடுப்பேன். ஆனா அவர் மறுபடி வந்தா காகிதத்தைப் புரட்டிக்கிட்டே காலத்தைத் தள்ளிருவார். இன்னும் அஞ்சு கட்டடத்துக்கு லிப்ட் வரணும். என்கூடத் தைக்கிறவங்கள்ல ரெண்டு பேர் அங்கதான் இருக்காங்க. ஒன்பதாம் கட்டடத்துல பெயின்டர் கால் ஒடிஞ்சு நாலு மாசமா அஞ்சாவது மாடியில கிடக்கார். அவர் சம்சாரத்துக்கிட்ட போய் நேர்மையப் பத்தி நீங்க பேசுங்க, நான் பேச மாட்டேன்."

"அப்போ நான் எதுக்கு அந்தக் கூண்டுல போய் நின்னேன்?"

அவள் துணிகளுக்கு அளவெடுத்து எழுதும் நீள நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். சட்டை அளவுகளுக்கு நடுவே ஒரு பக்கம். மீதி ஐந்து கட்டடங்களுக்கும் ஒரு வருஷத்தில் லிப்ட், நகராட்சி நேராகவே வாங்கவேண்டும், விலை பார்க்கும் குழுவில் லிப்ட் மெக்கானிக் ஒருவர் இருக்கவேண்டும் என்று அவள் கையெழுத்தில் இருந்தது. கீழே மேயரின் கையெழுத்து. அதற்குக் கீழே அறுபது, எழுபது பெண்களின் கையெழுத்துகள். மேயர் ஓட்டுக் கேட்டு வந்தபோது ஒன்பதாம் கட்டடத்து வாசலில் மறித்து, அவரை ஐந்தாம் மாடிவரை படியிலேயே ஏற்றி, பெயின்டரைப் பார்க்கவைத்து, மேயர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே வாங்கிய கையெழுத்தாம். "விலை ஏறாம பாத்துக்க யார் இருக்கா?" என்று மேயரின் ஆள் கேட்டிருக்கிறான். "என் வீட்டுக்காரருக்கு விலை தெரியும்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

மெக்கானிக் இரண்டு தடவை படித்தார். "என்னை வச்சுப் பேரம் பேசியிருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? அதோட உங்கள வச்சுப் பேசல, உங்க வாய வச்சுப் பேசினேன். அந்த வாய்க்கு அவர் பயப்படறார்" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போய்விட்டாள்.

அவருக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அன்று கருவிப் பெட்டி கனமாகத்தான் இருந்தது. லிப்ட்டில் இறங்கினார்.

ஆறு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து குழுவுக்கு அழைப்பு வந்தது. நீள மேஜை. ஒரு முனையில் மேயர், அவர் பக்கத்தில் என்ஜினீயர், எதிர் முனையில் எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையில் பேராசிரியர். மெக்கானிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். வந்த டெண்டர்களில் குறைந்த விலையை என்ஜினீயர் படித்தார். அது மெக்கானிக்கின் கம்பெனி போட்டதுதான். மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மோட்டாருக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு, பொருத்துகிற கூலி இவ்வளவு என்று ஒன்றொன்றாகச் சொல்லி, இதுவே கொஞ்சம் அதிகம்தான் என்றார். என்ஜினீயர் சந்தை நிலவரம் என்று ஏதோ ஆரம்பித்தார். மேயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெக்கானிக் சொல்றதையே போடுங்க. இன்னொரு தடவை கமிஷன் நாற்காலியில உக்கார என் முதுகு தாங்காது."

என்ஜினீயர் வெளியே போய் கம்பெனிக்குப் போன் செய்து வந்தார். கம்பெனி முக்கி முனகி இறங்கி வந்தது. மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முடிந்தது என்று நினைத்தார். அப்போதுதான் பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பதினாலாம் பக்கத்துல சீல் இல்ல. விதிப்படி இது செல்லாது. மறு டெண்டர்தான் விடணும்."

மறு டெண்டர் என்றால் மூன்று மாதம். அதில் இன்னொரு குறை கண்டுபிடித்தால் இன்னும் மூன்று மாதம். மெக்கானிக்குக்குப் பெயின்டரின் நினைப்பு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்த்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குகிறார்கள். இறங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வாராம்.

"சார், சீல் தானே? நானே போய் வாங்கிட்டு வந்துடறேன். டெண்டரத் திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க" என்றார் மெக்கானிக். தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டினார். அன்று மாலை ஐந்து மணிக்குள் என்றால் இடம் இருந்தது. மெக்கானிக் ஸ்கூட்டரில் ஊரின் மறுகோடிக்குப் போய், கம்பெனி மேனேஜரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, சீல் வைத்த காகிதத்தோடு நாலரைக்குத் திரும்பி வந்தார். மேயர் எப்போதோ கிளம்பியிருந்தார். பேராசிரியர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து மீதிப் பக்கங்களை முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்டல் பிழையும் கண்டுபிடித்திருந்தார். அதனால் விலை இன்னும் கொஞ்சம் குறைந்தது. மெக்கானிக்குக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

"நீங்களும் அவருக்குத்தான் போட்டீங்களா?" என்று கேட்டார் பேராசிரியர். கேள்வியில் வருத்தம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

"இல்ல சார், உங்களுக்குத்தான். அடுத்த தடவையும் உங்களுக்குத்தான்."

"அப்போ ஐம்பத்தெட்டுல ஒண்ணு உறுதி" என்று பேராசிரியர் சிரித்தார்.

"ஆனா சார், ஜெயிச்சு வந்தா, சீல் இல்லேன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. ஸ்கூட்டர் இருக்கு."

பேராசிரியர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து டைரியை எடுத்து மெக்கானிக்கின் நம்பரை எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் கட்டடத்து லிப்ட்டை மெக்கானிக்கே நின்று பொருத்தினார். புறாக்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடிபோயின. திறப்பு விழாவில் நாட்டிலேயே இவ்வளவு மலிவாக லிப்ட் வாங்கிய மேயர் வேறு யாராவது உண்டா என்று மேயர் மைக்கில் கேட்டார். கூட்டம் கைதட்டியது. மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தட்டுங்களேன், உங்க விலைக்குத்தானே தட்டறாங்க" என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

அவர் தட்டினார். பெயின்டர் கைத்தடியோடு லிப்ட்டிலிருந்து தானாக வெளியே வந்தபோது இன்னும் கொஞ்சம் பலமாகவே தட்டினார். அடுத்த மாதம் பதினாறாம் தேதி மைத்துனர் வழக்கில் மறுபடி சாட்சி சொல்ல வரச்சொல்லிக் காகிதம் வந்திருந்தது. அதைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார். போய் அதே பாதி விலையைத்தான் சொல்லப்போகிறார். அதற்கு முன் பத்தாம் கட்டடத்தில் பிரேக் சரிபார்க்கும் வேலை பாக்கி இருந்தது. கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.