நின்ற இடத்தில் எழுபத்தேழாயிரம் கிலோமீட்டர்

கமருன்னிஸாவின் வெள்ளை நிற மின்சாரக் கார் போர்ட்டிகோவைவிட்டு நகராமலேயே மூன்று ஆண்டுகளில் எழுபத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடியது. கேட்டைத் தாண்டி அது வெளியே போனது மொத்தம் ஐந்தே தடவை. ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனதுதான் ஐந்தும்: நாலு தடவை கண் ஆஸ்பத்திரிக்கு, ஒரு தடவை சார்ஜர் வாங்க. மற்றதெல்லாம் நின்ற இடத்தில் ஓடியது. இடையில் டயர்கூட ஒரு செட் தேய்ந்து மாற்றவேண்டி வந்தது. பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில், தென்னந்தோப்பு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பள்ளிவாசல் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

அந்தத் தெருவில் பதினெட்டு வீடுகள். எல்லாம் வளைகுடாப் பணத்தில் எழுந்த மாடி வீடுகள், பதினொன்று பூட்டிக் கிடக்கின்றன. கமருன்னிஸாவின் வீட்டில் ஒன்பது அறைகள் உண்டு, அவள் புழங்குவது இரண்டில். ஒரே மகன் ஜாஃபர் சாதிக், மனைவி ஷமாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் சார்ஜாவில் இருக்கிறான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிப்ரவரியில் இருபது நாள் லீவில் வந்தவன், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி வேண்டும் என்று இந்தக் காரை எடுத்தான். லீவு முடிகிற மட்டும் அவனே ஓட்டினான். பிறகு சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு விமானம் ஏறினான். மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு கமருன்னிஸா காரைத் துடைக்கப் போனாள். கதவைத் திறந்ததும் உள்ளே மகனின் அத்தர் வாசனை அப்படியே இருந்தது. வாசனை வெளியே போய்விடக் கூடாதே என்று உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தியில் மஃரிப் பாங்கு கேட்கும்வரை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது கிலோமீட்டர் கணக்கில் எழுபது ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் தினமும் போனாள். போனாள் என்றுதான் தெருவில் சொல்வார்கள். அஸர் தொழுதுவிட்டுப் புர்கா போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் நாலு பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்காருவாள். முன்சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். எதிர்வீட்டு பர்வின், "எங்க மாமி கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "சும்மாதாம்மா, இந்தா வந்துடுறேன்" என்பாள். கண்ணாடிக்கு வெளியே போர்ட்டிகோச் சுவரும் அதில் மாட்டிய ஒரு பழைய காலண்டரும்தான் தெரியும். தினமும் எழுபது கிலோமீட்டர், கூடாமல் குறையாமல். சக்கரங்களுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேர்ந்தது. எங்கள் மண் களிமண், காலில் ஒட்டினால் கழுவித்தான் எடுக்க வேண்டும். இதுவோ மாவு போல உதிர்ந்தது. சஃபர் என்று வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் நாலைந்து பேர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, சார்ஜா மணல்தான், சந்தேகமே இல்லை என்றார்கள். கொத்தனார் வந்து பார்த்து, பூச்சு வேலைக்கு இது ஆகாது என்று கைவிரித்தார். கடலை வறுக்கப் பிரமாதமாக இருப்பதைக் கண்டுபிடித்தது பர்வின்தான். அந்த வருஷத்திலிருந்து தெருவில் கடலை வறுக்க யாரும் வேறு மணல் தேடியதில்லை.

சார்ஜ் இறங்குகிற வேகத்தைப் பார்த்த ஊர் எலக்ட்ரீஷியன், சாதா ப்ளக்கில் தினமும் இப்படிப் போட்டால் ஒயர் கருகிவிடும், நல்ல சார்ஜராக வாங்கிச் சுவரில் மாட்டுங்கள் என்றார். மகனிடம் கேட்டதற்கு, "உங்களுக்கு எது சரின்னு படுதோ எடுங்கம்மா, சீக்கிரம் ஏறுதான்னு மட்டும் பாத்துக்குங்க" என்றான். அப்போதெல்லாம் அவன் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசிக்கொண்டிருந்தான். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பத்து நிமிஷம், சில வாரம் பதினைந்து. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளையும் கடத்தினாள்.

தஞ்சாவூர்க் கடையில் சதீஷ் என்பவர் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்துக் காட்டினார். முதலாவது ஏற்றுவதோடு சரி, பேசாமல் கிடக்கும். இரண்டாவது இருப்பதிலேயே வேகமானது, நேரம் குறித்து வைத்தால் தானே தொடங்கித் தானே நிறுத்தும். மூன்றாவது கைபேசியோடு சேர்ந்தது. வீட்டில் யார் யாருக்கு வேண்டுமோ அவர்கள் எண்ணையெல்லாம் அதில் சேர்த்துக்கொள்ளலாம், ப்ளக்கைக் காரில் செருகிய நொடியில் அவர்கள் போனில் மணி அடித்து, சார்ஜ் தொடங்கியது என்று எழுத்து வரும்.

"சார்ஜாவுல இருந்தாலும் அடிக்குமா தம்பி?"

"உலகத்துல எங்க இருந்தாலும் அடிக்கும்மா."

"எத்தனை தரம்?"

"ஒரே ஒரு தரந்தாம்மா. தொந்தரவு இருக்காது."

கமருன்னிஸா அந்த மூன்றாவதைத் தொட்டுப் பார்த்தாள். வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் அதை ஏன் எடுத்தாள் என்பது எங்கள் தெருக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். அவளுடைய கணவர் மூஸா இருபத்தாறு வருஷம் சார்ஜாவில் இருந்தவர். தினமும் நம்மூர் மஃரிப் நேரத்துக்கு அங்கிருந்து போன் போட்டு, ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவார். தெருவில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம்தான். ஒரு மணி என்றால் சுகமாக இருக்கிறேன். இரண்டு என்றால் பணம் அனுப்பியாயிற்று. மூன்றாவதும் அடித்தால் மட்டும் எடுத்துப் பேசலாம். ஒரு மணியை அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அங்கே காசு போய்விடும் என்பதால் பெண்கள் போன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜாஃபர் சாதிக் சின்னப் பிள்ளையில், அம்மா ஆசையில் எடுத்துவிடுவாளோ என்று போனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றவன். அத்தா சுகம், எடுக்காதீங்க என்று கத்துவான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு புதன்கிழமை மணி அடிக்கவில்லை. தொழுத பாயை மடிக்காமல் கமருன்னிஸா அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பகலில் செய்தி வந்தபோது, அழுதுகொண்டு ஓடி வந்தவர்களுக்கு அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

சார்ஜர் வேலை செய்தது. மஃரிப் பாங்கு கேட்டதும் அவள் காரைவிட்டு இறங்கி ப்ளக்கைச் செருகுவாள், சார்ஜாவில் மகன் போனில் ஒரு மணி அடிக்கும். அம்மா சுகம். அவன் பெருவிரலால் அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு மணி அடித்தால் எடுக்கக் கூடாது என்றே வளர்ந்த பிள்ளை. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று தினமும் தெரிகிறபோது வெள்ளிக்கிழமை போன் எதற்கு என்று அவன் என்றைக்கும் நினைத்ததில்லை, ஆனால் அப்படித்தான் ஆனது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேசினான், அடுத்து மாதம் ஒரு முறை. இருபத்துநாலாம் வருஷத்தில் அவன் பேசியது நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மட்டும். லீவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தால் இரண்டு முறை தள்ளிப்போனது. கமருன்னிஸாவுக்கு இது உறைக்க வெகு நாளானது. மகன் குரலைக் கொண்டுவரும் என்று அவள் வாங்கி மாட்டிய பெட்டி, இருந்த குரலையும் எடுத்துக்கொண்டுவிட்டது. காரில் அத்தர் வாசனையும் அதற்குள் போயிருந்தது. அவள் தனியாக இருந்தாள், அது அவளுக்கு வலித்தது.

அங்கே சார்ஜாவிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஜாஃபர் சாதிக் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில், அவன் கார் நிறுத்தும் இடத்துக்கு அடுத்து ஒரு காலி இடம் உண்டு. அந்தச் சிமெண்டுத் தரையில் அடிக்கடி கறுப்புக் களிமண்ணில் டயர் தடம் பதிந்திருந்தது, நடுநடுவே வைக்கோல் துணுக்கு. காவலாளி கழுவிக் கழுவிச் சலித்துப்போய் அவனிடம் முறையிட்டார். அவன் குனிந்து அந்த மண்ணை விரலில் எடுத்துப் பார்த்தான். நாற்றங்கால் வாசனை அடித்தது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கமருன்னிஸா காரைவிட்டு இறங்கி ப்ளக்கைக் கையில் எடுத்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப ஆணியில் மாட்டினாள். மணி அடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? மகன் பதறிப்போய்க் கூப்பிடுவான். போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டியில் இன்னும் நூற்றெண்பது கிலோமீட்டருக்குச் சார்ஜ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் காரில் போய் உட்கார்ந்து வந்தாள், ப்ளக் போடவில்லை, நூற்றுப்பத்து ஆனது. போன் அடிக்கவில்லை. திங்கட்கிழமை நாற்பதுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. தஞ்சாவூர்க் கடை சதீஷ் பையும் கையுமாக நின்றார். சார்ஜரிலிருந்து மூன்று நாளாகச் செய்தி வரவில்லை, என்ன கோளாறு என்று பாருங்கள் என்று மகன் சார்ஜாவிலிருந்து அவர்களுக்குப் போன் செய்திருக்கிறான்.

"உங்களுக்குப் பேசினானா?" என்று கேட்டாள் கமருன்னிஸா.

"பேசினாரும்மா. ரொம்பத் தன்மையாத்தான் பேசினாரு."

"குரல் எப்படி இருந்துச்சு? சளி கிளி இல்லையே?"

சதீஷ் சார்ஜர் பக்கம் திரும்பினார். பெட்டியைத் திறந்து, ஒயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து மூடினார். "பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு. நீங்க ப்ளக்கே போடலையே? போட்டு விட்டுட்டுப் போகவா?"

"வேணாம் தம்பி. போட்டா அவன் நிம்மதியாயிடுவான்."

சதீஷ் ப்ளக்கைத் திரும்ப ஆணியிலேயே மாட்டினார். "நாப்பது கிலோமீட்டர்தாம்மா இருக்கு. இதை வெச்சுக்கிட்டு பட்டுக்கோட்டை போயிட்டு வர்றதே இழுபறிதான்" என்றார். போதும் என்றாள் அவள். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் வெளியே போய் மகனுக்குப் போன் போட்டு, சார்ஜரும் நல்லா இருக்கு சார், அம்மாவும் நல்லா இருக்காங்க, நீங்க ஒரு வார்த்தை பேசிடுங்க என்று சொன்னது பர்வின் காதில் விழுந்தது. அவன் மீட்டிங்கில் இருப்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொன்னானாம்.

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு கமருன்னிஸா வழக்கம்போல் புர்கா போட்டுக்கொண்டு, தண்ணீரும் பழமும் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். "போயிட்டு வர்றேன் பர்வின்" என்றாள். இந்த முறை எங்கே என்று பர்வின் கேட்கவில்லை. மஃரிப் பாங்கு சொன்னபோது போர்ட்டிகோ காலியாக இருந்தது. கேட் பூட்டியபடியே இருந்தது. பர்வின் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் கேட்டைத் திறந்து வந்து, தரையில் கிடந்த மணலைக் கூட்டி ஒரு வாளியில் எடுத்து வைத்தாள்.

நமக்கு மஃரிப் ஆகும்போது சார்ஜாவில் இன்னும் வெயில் இருக்கும். பிள்ளைகளைக் குர்ஆன் ஓதுகிற இடத்திலிருந்து கூட்டி வர ஜாஃபர் சாதிக் கீழே இறங்கி வந்தான். அடுத்த இடத்தில் பேராவூரணிக் களிமண் சொட்டச் சொட்ட வெள்ளைக் கார் நின்றது. பின்சீட்டில் அம்மா. ராம்ப் வழியாக எந்த வண்டியும் வரவில்லை என்று காவலாளி பிறகு சத்தியம் செய்தார். கமருன்னிஸாவின் பாஸ்போர்ட்டில் முத்திரையும் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. ஜாஃபர் சாதிக் கதவைத் திறந்தான்.

"எப்பம்மா வந்தீங்க?"

"இப்பத்தான். சார்ஜ் தீந்துபோச்சு."

அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மெசேஜ்தான் வந்துடுதேன்னு இருந்துட்டேம்மா, என்றான். அதையே நாலைந்து தடவை சொன்னான். அவள் அவன் தலையைத் தடவி, முடி கொட்டியிருக்கே என்றாள். பிறகு அவன் எழுந்து, டிக்கியிலிருந்த சாதா ஒயரை எடுத்தான். அந்த அடித்தளத்தில் இருந்தது காவலாளி போன் சார்ஜ் போடும் ஒரே ஒரு சாக்கெட்.

"இதுல மெதுவாத்தாம்மா ஏறும். பதினாலு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் கமருன்னிஸா.

அவன் போய்க் கூட்டிவந்த பிள்ளைகள் மடியில் விழுந்தார்கள். ஷமா சுலைமானி டீ போட்டாள். அன்றைக்கு கமருன்னிஸாவுக்கு மட்டும் இரண்டு அந்தி. மகன் வீட்டுப் பாயில் மஃரிபைத் தொழுதாள். மறுநாள் நடுப்பகல் லுஹருக்கு முன்னால் கார் எங்கள் தெருவில், போர்ட்டிகோவில், நூறு சதவீதச் சார்ஜோடு நின்றது.

இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் போர்ட்டிகோ காலியாக இருக்கும். சஃபர் போகிறவர்களிடம் பார்சல் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அதனால் அவள் கிளம்புகிற நாளில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பர்வின் சார்ஜாவில் இருக்கும் தன் தம்பிக்கு இரண்டு கிலோ வறுத்த கடலை கொடுத்துவிடுகிறாள். காவலாளியின் சாக்கெட்டை எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருப்பது என்று ஜாஃபர் சாதிக் சென்ற மாதம் அங்கே ஒரு கடைக்குப் போனான். புதிதாக வந்தது, ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும் என்று விற்பனையாளர் ஒன்றைக் காட்டினார். அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருப்பதிலேயே மெதுவாக ஏறுவது எது என்று கேட்டான். பழைய சரக்கு ஒன்று உள்ளே கிடக்கிறது, முழுசாக ஏற இருபது மணி நேரம் பிடிக்குமே என்று அவர் தயங்கினார். அதையே கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.