வெள்ளை ரோமத்தில் ஒட்டியிருந்தவை

கோலியனூர் அம்சாவின் வெள்ளை நாயைக் குளிப்பாட்டினால் அழுக்கோடு சொற்களும் உதிர்ந்தன. முதல் தடவை உதிர்ந்ததெல்லாம் "ஸ்வீட்டி, ஸ்வீட்டி" என்ற அம்சாவின் குரல்தான். மல்லாட்டைக் கடலைத் தோல் போல மிதந்து சாக்கடை வாயை அடைத்துக்கொண்டு, தண்ணீர் பட்டபோதெல்லாம் அவை கூப்பிட்டன. அம்சாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தட்டைக் கண்டால் பறந்து வரும் நாய், கூப்பிட்டால் மட்டும் ஏன் திரும்பியும் பார்ப்பதில்லை என்பதுதான் புரியவில்லை.

அது பொங்கல் சீராக வந்த நாய். திண்டிவனத்தில் நாய் வளர்த்து விற்கும் தம்பி தென்னரசு, கரும்போடும் மஞ்சள் கொத்தோடும் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். பாலில் முக்கியெடுத்த வெள்ளை, ரோஜா நிற மூக்கு. பிறந்த வீட்டுச் சீரை யாரும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. தாய் இறந்தபின் தன் இடுப்பிலேயே வளர்ந்தவன் கொடுத்ததை அம்சா இரண்டு கையாலும் வாங்கினாள்.

மாசியில் நாய் புதுச்சேரி சாலையின் நடுவே படுத்துத் தூங்கியது. ஹாரன் அடித்து ஓய்ந்த லாரிக்காரர் இறங்கி வந்து, "யம்மா, உன் நாயி காதுல பஞ்சு வெச்சிக்கினு கீதா?" என்று கத்தினார். அன்று குளிப்பாட்டியபோது அந்த ஹாரன் உதிர்ந்து, பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

விழுப்புரத்தில் கால்நடை மருத்துவர் இருதயமேரி, நாய்க்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தார். "ரெண்டு காதும் கேக்கலம்மா. உள்ள போவாத சத்தம் எங்கனா ஒட்டிக்கினுதான ஆவணும்" என்றார்.

காரணம் நிறத்தில் இருந்தது. வயிற்றிலிருக்கும் குட்டிக்கு நிறம் முதுகிலிருந்து புறப்படுகிறது. நிறம் தரும் செல்கள் முதுகுத்தண்டின் ஓரத்தில் தோன்றி, இரு பக்கமும் இறங்கி, கால், வால், மூக்கு என்று போய்க் குடியேறும். சில உட்காதுக்குள்ளும் போகும். அங்கே ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தைச் சரியாக வைத்திருப்பது அவற்றின் வேலை. வெள்ளை மிகுந்த நாய்களில் அவை பாதி வழியில் நின்றுவிடுவதுண்டு. அவை வந்து சேராத காது, பிறந்த சில வாரங்களில் அவிந்துவிடும். எல்லா வெள்ளை நாயும் செவிடல்ல. ஆனால் வெள்ளையோடு வெள்ளையையே ஜோடி சேர்த்துக்கொண்டு போனால் செவிட்டுக் குட்டிகள் பெருகும். கூட்டத்தில் இருக்கும்வரை வெளியே தெரியாது. மற்றவை ஓடினால் அதுவும் ஓடும்.

தம்பி தெரியாமல் கொடுத்துவிட்டான் என்று அம்சா தேற்றிக்கொண்டாள். சித்திரை வெயிலில் நாய் முடி உதிர்த்தது. சீப்பு அடி ரோமத்தைத் தொட்டதும் திண்டிவனத்துச் சொற்கள் வந்தன, தென்னரசின் குரலில். "இது சுத்த செவிடு. வாங்குறவன் கண்டுபுடிச்சிடுவான். அக்காவுக்கு சீர்ல தள்ளிடலாம். அது எதயும் சோதிச்சுப் பாக்காது." அம்சா ஈரத்துணியால் தொட்டுத் தொட்டு மாலைவரை அதையே கேட்டாள். 'அக்கா' என்ற சொல்லில் வழக்கமான குழைவு அப்படியே இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஆடியில் தென்னரசு தன் வெள்ளைக் கடுவன் நாயை ஸ்வீட்டியோடு ஜோடி சேர்க்க ஓட்டிவந்தான். அம்சா சொற்களை நனைத்துக் காட்டினாள்.

"இன்னாக்கா, நாய் சொல்றத நம்பிக்கினு என்னிய சந்தேகப்படறியா?"

"நாய் சொல்லலடா. நீ சொன்னத அது சுமந்துக்கினு வந்துச்சு."

"பாதிக் குட்டி உனுக்கு தர்றேன்க்கா."

"உன் கடுவன இட்டுக்கினு கெளம்பு."

மறுவாரமே மருத்துவர் சொன்னபடி ஸ்வீட்டிக்குக் குடும்பக் கட்டுப்பாடு நடந்தது. அம்சா தரையைக் காலால் இரண்டு முறை தட்டினால் அது எங்கிருந்தாலும் எழுந்து வரப் பழகியது. செய்தி பரவியதில் திண்டிவனத்தில் குட்டி வாங்குவோர் முதலில் குளிப்பாட்டிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் வடிந்தால் இரு காதும் கேட்கும்; பாதிச் சொற்கள் உதிர்ந்தால் ஒரு காது. தென்னரசும் வேறு வழியின்றிக் கறுப்பு, செவலை நாய்களோடு ஜோடி மாற்றினான்.

அடுத்த பொங்கலுக்குக் கரும்போடும் மஞ்சள் கொத்தோடும் செவலைக் குட்டியொன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். "இது நல்லா கேக்கும்க்கா." அம்சா வா என்றாள், சாப்பாடு போட்டாள். பிறகு குட்டியைத் துவைக்கும் கல்லில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினாள். வெறும் தண்ணீர்தான் வடிந்தது. குட்டியைத் துடைத்துவிட்டு, கரும்பையும் மஞ்சள் கொத்தையும் எடுத்துவந்து, அவற்றின்மேலும் ஊற்றினாள்.