பழுதில்லை

எங்கள் ஊரில் யாரும் யாரையும் புகழ்வதில்லை. ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலிருந்து ஒரு மணித்தியாலம் காரில் மலையேறினால் வரும் சுவாபியக் கிராமம் இது. இங்கே ஒருவரைப் பார்த்து "அருமை" என்று சொல்லிவிட்டால் மாடுகளுக்குப் பால் வற்றிவிடும், தேவாலயக் கோபுரம் ஒரு பக்கம் சரிந்துவிடும். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு வாசித்தாலும் மீதி உண்மை. பல்சக்கரத் தொழிற்சாலையில் ஓய்கன் என்ற உள்ளூர்க்காரனும் நானும் ஓய்வு பெறும்வரை அருகருகே நின்றோம். அத்தனை காலத்திலும் அவன் என் வேலையைப் பார்த்து ஒரேயொரு முறைதான் "பழுதில்லை" என்றான். அன்று பின்னேரம் என் மனைவி கமலநாயகி பாயாசம் காய்ச்சினாள்.

ஓய்கன் எனக்குப் பழக்கியது புத்தக ஜேர்மன் அல்ல, சுவாபியப் பேச்சு. அதைத் தமிழில் எழுத யாழ்ப்பாணப் பேச்சை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. புத்தக ஜேர்மனுக்குச் செந்தமிழ். ஓய்கன் அந்தச் செந்தமிழை எடுப்பது வரி அதிகாரியிடமும் பல் வைத்தியரிடமும் மட்டும்தான்.

அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றும், இனி வைத்தியத்துக்கு இடமில்லை என்றும் வசந்தம் பிறக்கையில் சொல்லிவிட்டார்கள். மனைவி, பிள்ளை கிடையாது. டெக்சஸுக்குப் போய் நாற்பது வருடமாகிவிட்ட தம்பி டீட்டர் ஒருவன்தான் சொந்தம். நான் தொலைபேசி எடுத்தேன், அவன் விமானமேறி வந்தான்.

விமான நிலையத்தில் அவன் வாயைத் திறந்ததும் திகைத்துவிட்டேன். சொல்லெல்லாம் அச்சு அசல் எங்கள் ஊர்ச் சொல், அதிலும் இப்போது கல்லறையில் படுத்திருப்பவர்கள் மட்டும் வைத்திருக்கும் பழைய சொற்கள். ஆனால் அந்தச் சொற்களுக்குள் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

"என்ன வடிவான கார்! என்ன வடிவான றோட்டு! லிங்கம், நீ வந்து ஏத்தினது எவ்வளவு பெரிய உதவி! நன்றி, நன்றி!"

என் காரின் பின்கதவு கயிற்றில் தொங்கியது. றோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளிக்கொண்டிருந்தோம்.

பாதி மலையில் அவன் குரல் தணிந்தது. "அங்கை மனிசி, பிள்ளையள், வேலை, எல்லாம் இங்கிலிஷ். எங்கடை பாசையை நான் காருக்குள்ளை தனியக் கதைச்சுத்தான் காப்பாத்தி வைச்சிருக்கிறன். சின்னனிலை ஒரே கட்டில்லை படுத்து அண்ணனும் நானும் அப்பிடிக் கதைச்சனாங்கள். போறதுக்கு முதல் அவன் ஒருக்கா அப்பிடிக் கதைச்சாப் போதும்."

வீட்டுக் குசினியில் அடுப்பருகே கதிரையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான் ஓய்கன். தம்பியை ஏற இறங்கப் பார்த்தான். "வந்திட்டியோ. இரு" என்றான். எங்கள் ஊரில் அது கட்டித் தழுவி அழுததற்குச் சமம்.

எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நிலவறைக்கு இறங்கி, ஒரு மண்சாடி மொஸ்ட் கொண்டுவந்தான். ஆப்பிளையும் பேரிக்காயையும் பிழிந்து பீப்பாயில் புளிக்க வைக்கும் பானம் அது. வீட்டுக்கு வீடு பீப்பாய் உண்டு. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்பதால் நான் தொடக்கூடாதென்று கமலநாயகி தடை போட்டிருந்தாள். டீட்டர் ஒரு மிடறு குடித்தான்.

"அற்புதம்! அண்ணை, உலகத்திலை இப்பிடி ஒண்டை நான் குடிச்சதில்லை! நீ ஒரு கலைஞன்!"

ஓய்கன் சாடியை மேசையில் வைத்தான். இந்த ஊரில் அவ்வளவு புகழ்பவன் எதையாவது விற்க வந்திருக்க வேண்டும், அல்லது நக்கலடிப்பவனாக இருக்க வேண்டும்.

"தங்களுக்குப் பிடித்திருப்பது மகிழ்ச்சி. பயணம் களைப்பாக இருந்திருக்கும். தங்களுக்கான அறை மேல்மாடியில் இருக்கிறது" என்றான்.

வரி அதிகாரியிடம் பேசும் மொழி. டீட்டரின் முகம் சுருங்கிப்போனது.

அதன்பிறகு அவன் அண்ணனுக்குச் சவரம் செய்தான், கால் கழுவினான், சூப் பருக்கினான். ஒவ்வொன்றுக்கும் இடையில் "நீ எவ்வளவு தைரியசாலி! உன்னை நினைக்கப் பெருமையாய்க் கிடக்கு!" என்றான். ஓய்கன் ஒவ்வொன்றுக்கும் "தங்கள் உதவிக்கு நன்றி" என்றான். என்னிடம் திரும்பினால் மட்டும், "லிங்கம், இந்த வெக்கையிலை யன்னலைப் பூட்டினது ஆரடா மொக்கன்?" என்பான். பூட்டியது டீட்டர்.

டீட்டரை என் வீட்டுக்கு இழுத்துவந்து பயிற்சி வைத்தேன். கமலநாயகி இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தாள்.

"சாப்பிடு. பிறகு 'பழுதில்லை' எண்டு மட்டும் சொல்லு. வேறை ஒண்டும் வேண்டாம்."

அவன் மென்றான், விழுங்கினான், கண் கலங்கினான். "பழுதில்லை..." கமலநாயகியின் பக்கம் திரும்பினான். "ஆனால் அக்கா, அற்புதம்!"

"சொல்லட்டுமன் அந்த மனிசன்!" என்று கமலநாயகி என்மேல் பாய்ந்தாள். "நீங்கள் கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்தச் சொதிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பியளே?"

நான் இன்னொரு இடியப்பம் எடுத்தேன்.

மூன்றாவது முறை வந்தபோது டீட்டர் முகத்தை மரக்கட்டையாக்கி, "பழுதில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. நேரே ஓய்கனிடம் கூட்டிப்போனேன்.

ஓய்கன் அதற்குள் கட்டிலோடு கட்டிலாகிவிட்டான். டீட்டர் நிலவறைக்குப் போய் மொஸ்ட் எடுத்துவந்தான். அண்ணனின் உதட்டை ஒரு கரண்டியால் நனைத்தான். பிறகு தானும் ஒரு மிடறு குடித்தான். முகம் அசையவில்லை.

"பழுதில்லை" என்றான்.

ஓய்கன் அவனைப் பார்த்தான். கண்ணில் ஏதோ எரிந்து, அணைந்தது. தலையை என் பக்கம் திருப்பினான்.

"லிங்கம், இவருக்குச் சொல்லடா. போன இலையுதிர்காலம் என்னாலை பீப்பாயைக் கழுவ ஏலாமப் போச்சு. மொஸ்ட் கெட்டுப் புளிச்சுக் காடியாய்ப் போச்சு. வந்த அண்டைக்கே சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வெளி ஆக்கள்தான் காடியைக் குடிச்சிட்டுப் புளுகிறது."

தன் மொழியில், தம்பிக்குக் கேட்கும்படி, எனக்குச் சொன்னான். டீட்டர் கட்டிலருகே முழந்தாளிட்டு, "அண்ணை... அண்ணை, என்னோடை கதை" என்றான். ஓய்கன் கண்ணை மூடியிருந்தான். மறுநாள் காலையில் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து, வழக்கப்படி எல்லோரும் உணவகத்தில் சூப்புக்கும் இறைச்சிக்கும் கூடினார்கள். டீட்டரைக் காணவில்லை. தேடிப்போனேன். ஓய்கன் வீட்டு நிலவறையில், பீப்பாயின் முன் குந்தியிருந்தான். குவளையை நிறைத்து ஒரே இழுப்பில் குடித்தான். முகம் கோணிப்போயிற்று.

"சீ! காடியடா ஓய்கன்! பண்டிகூடக் குடிக்காது! என்ன மயிருக்கு இதை வைச்சிருந்தனி?"

அப்படியொரு சுத்தமான சுவாபியத் திட்டை எங்கள் ஊர் கேட்டு நெடுங்காலமாகிவிட்டது. கல்லுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

டீட்டர் மறுமொழிக்குக் காதைக் கொடுத்துக் காத்திருந்தான். பிறகு குழாயைத் திருகி, குவளையை மறுபடியும் நிறைத்தான்.