கழிசல் பெட்டி

அந்த வருஷம் பாலைவன விளிம்பில் இருக்கும் எங்கள் தோஸரில் பேரீச்சை விளைந்த விளைச்சலுக்குக் கண் வைக்காதவர் இல்லை. மழை தப்பான நேரத்தில் வரவில்லை, புழு விழவில்லை, குலை குலையாகத் தேன் நிறத்தில் இறங்கியது. நல்ல விளைச்சல் கூடவே ஒரு தலைவலியையும் கூட்டிக்கொண்டுதான் வரும் என்பது எங்கள் ஊருக்குப் பழக்கம். அது கழிசல் பெட்டிக்குள்ளிருந்து வரும் என்றுதான் யாரும் நினைக்கவில்லை.

மப்ரூக்கா எங்கள் ஊர்ப் பழக்கிடங்கில் பதினெட்டு வருஷமாகப் பொறுக்குகிறவள், ஒன்பது வருஷமாகப் பொறுக்கும் மேசைக்குத் தலைவி. அவளையும் சேர்த்து மேசையில் ஆறு பெண்கள். பழத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். உள்ளே கொட்டையின் நிழல் தெளிவாகத் தெரிந்தால் தட்டில் போகும். புழுத்தது, புளித்தது, தோல் உப்பியது எல்லாம் கழிசல் பெட்டிக்கு. சாயங்காலம் அந்தக் கழிசலை ஆறு பேரும் பங்கு போட்டு வீட்டு ஆடுகளுக்கு எடுத்துப் போவார்கள். இது கூலியில் எழுதாத கூலி. முதலாளி மாறினாலும் இந்த வழக்கம் மாறியதில்லை.

நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மேலாளர் நவ்ஃபல் மேசைக்கு வந்தான். கையில் ஒரு கண்ணாடி ஜாடி. பழம் வாங்கும் வெளிநாட்டு வியாபாரி, 'ஏற்றுக்கொள்ளக்கூடிய கடைசித் தரம் இது' என்று அனுப்பிய மாதிரிப் பழங்கள் அதில் இருந்தன. ஒரு கழிசல் பெட்டியை மேசை மேல் கவிழ்த்து, ஜாடிப் பழத்தைப் பக்கத்தில் வைத்தான்.

"அக்கா, போன வருஷம் பாதிப் பழம் புழு. தினம் ஆறு பெட்டி கழிச்சீங்க, சரி. இந்த வருஷம் புழுவைக் கண்ணால பாக்க முடியல. இப்பவும் ஆறு பெட்டி. எப்படி?"

மப்ரூக்கா குனிந்து பார்த்தாள். ஜாடிப் பழத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு நல்ல பழம்தான். அவளுக்குக் காது மடல் சூடானது.

"ஆட்டுக்குன்னு பேரு, வீட்டுக்குப் போறது நல்ல சரக்கு," என்றான் நவ்ஃபல். "யாருன்னு நாளைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா திங்கக்கிழமை இந்த மேசையில வேற ஆறு பேர் உக்காருவாங்க."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது மப்ரூக்கா ஐந்து பேரையும் மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். நான்கு பேர் அவளோடு பத்து வருஷம் உட்கார்ந்தவர்கள். ஐந்தாவது ரபீஹா, வந்து இரண்டு வருஷம். அதிர்ந்து பேசாத பெண், வேலை சுத்தம். ஆனால் நாலு ஆடு வைத்திருக்கிறாள். போன வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் பிந்தி வந்தாள். முன்பு மாதிரிச் சிரிப்பதில்லை. பை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. யோசிக்க யோசிக்கப் பை இன்னும் பெரிதானது.

வெள்ளிக்கிழமை காலை நவ்ஃபலிடம் தனியாகப் போய் அந்தப் பேரைச் சொன்னாள். மத்தியானத்துக்குள் ரபீஹா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். பேரைக் கொடுத்தது யார் என்று மேசையில் யாருக்கும் தெரியாது. ரபீஹா போகும்போது மப்ரூக்காவிடம்தான் வந்து, "அக்கா, நீங்களாவது அவர்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள். மப்ரூக்கா தலையை ஆட்டினாள். நல்லதற்கோ கெட்டதற்கோ, அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை.

கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தது சனிக்கிழமைக் கணக்கு. ஐந்து பேர் பொறுக்கினார்கள், ஐந்து பெட்டி நிரம்பியது. தலைக்கு ஒரு பெட்டி, நேற்று வரை இருந்த அதே கணக்கு. திருடி என்றவள் போன பிறகும் திருட்டு நிற்கவில்லை. மப்ரூக்காவுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி, சோறு தண்ணி இறங்காது. அன்றைக்கும் இறங்கவில்லை.

அந்த வாரக்கடைசிக்கு அவள் தங்கை மகள் இன்சாஃப் தலைநகர் துனிஸிலிருந்து வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். மனுஷன் எதைக் கவனிக்கிறான், எதைக் கோட்டை விடுகிறான் என்பதில் ஆராய்ச்சி. அவள் அப்பாவோ, 'என் மகள் அடுத்தவன் பராக்குப் பார்ப்பதைப் பார்த்துப் பட்டம் வாங்கப் போகிறாள்' என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மப்ரூக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், தான் பேர் கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டு. இன்சாஃப் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பெரியம்மா, கெட்ட பழம் குறைஞ்சிடுச்சுன்னு சொன்னீங்கல்ல? எந்த அளவுக்கு?"

"நூத்துக்கு அம்பது இருந்தது, இப்ப அஞ்சுகூட வராது."

"அப்ப உங்க மேசையில யாருமே திருடலையோ என்னவோ. நாளைக்கு உங்களை வச்சே ஒண்ணு செஞ்சு பாக்கலாமா?"

"என்னை ஆட்டுக்குட்டி மாதிரி அறுத்துப் பாக்காம இருந்தா சரி."

ஞாயிறு காலை இன்சாஃப் இருபது பழங்களைத் தேர்ந்தெடுத்தாள். எல்லாம் நடுத்தரம், லேசாகச் சுருக்கம் விழுந்தவை. காம்பு மூடிக்கு அடியில் ஊசியால் ஒரு புள்ளி குத்தி அடையாளம் வைத்தாள். வீட்டுப் பின்கட்டில் போன வருஷப் பழம் மிச்சமிருந்தது, பெரும்பாலும் புழு. அதில் நூறு எடுத்து, இந்த இருபதையும் கலந்து, மேலே இன்னும் கொஞ்சம் நல்ல பழம் கொட்டித் தாம்பாளத்தில் நீட்டினாள்.

"எப்பவும் போலப் பொறுக்குங்க. யோசிக்காதீங்க."

மப்ரூக்கா பொறுக்கினாள். புள்ளி வைத்த இருபதில் நாலு கழிசலுக்குப் போயிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இன்சாஃப் அதே இருபதை மறுபடி கலந்தாள். இந்தத் தடவை சுற்றியிருந்தது முழுக்க இந்த வருஷச் சரக்கு. புழுத்தது எண்ணிப் பத்து. மப்ரூக்கா இன்னும் நிதானமாகப் பொறுக்கினாள், மானத்தைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா. ஒவ்வொரு பழத்தையும் வெளிச்சத்தில் இரண்டு தடவை திருப்பினாள்.

இன்சாஃப் கழிசலிலிருந்து புள்ளிப் பழங்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். பதிமூன்று.

"நீ மாத்தி வச்சுட்ட," என்றாள் மப்ரூக்கா.

"அதே பழம்தான் பெரியம்மா. காம்பைத் தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தாள். புள்ளி இருந்தது. காலையில் இதே கை, 'நல்லது' என்று தட்டில் போட்ட பழம்.

"கண்ணுல கோளாறா எனக்கு?"

"கண்ணுல இல்ல. மூளை ஒண்ணை அளக்கிறப்ப, பக்கத்துல இருக்கிறதை வச்சுத்தான் அளக்கும். புழு நிறைய இருந்தா, சுருங்கின பழம் நல்லது. புழுவே இல்லாமப் போனா, கெட்டதைத் தேடித் தேடிப் பழகின மூளை சும்மா இருக்காது. எல்லையை நகர்த்தி வச்சுக்கிட்டு, சுருங்கினதையும் கெட்டதுன்னு சொல்லும். நகர்த்தினது நமக்கே தெரியாது. உங்க மேசையில இருக்கிற எல்லாருக்கும் இதுதான் நடந்திருக்கும்."

"இதுக்கு மருந்து?"

"மாறாத அளவு ஒண்ணு கண் முன்னாலயே இருக்கணும். அந்த ஜாடி இருக்கே, அதை அவர் எங்க வச்சிருக்கார்?"

"அவன் மேசை மேல. அழகுக்கு."

இன்சாஃப் சிரித்தாள். மப்ரூக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முள் தொண்டையிலிருந்து இறங்கி நெஞ்சில் தைத்திருந்தது. பத்து நிமிஷம் பிந்தியது. சிரிக்காதது. பை. போன வருஷம் இதே மேசையில் ஒருத்தி வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் இருந்தாள், இன்னொருத்தி கத்தரிக்கோலைத் தூக்கிச் சண்டைக்கே போனாள். அப்போது பத்து நிமிஷத்தை யார் பார்த்தது? இந்த வருஷம் மேசை அமைதியாக இருந்தது. அமைதியான மேசையில் அவள் ஒரு திருடியைப் பொறுக்கி எடுத்துவிட்டாள்.

"இன்சாஃப், அந்தப் பொண்ணு பேரைக் கொடுத்தது நான்," என்றாள்.

திங்கள் காலை மப்ரூக்கா இருபது பழங்களையும் ஒரு துணியில் முடிந்து நவ்ஃபலின் அறைக்குக் கொண்டுபோனாள். நடந்ததைச் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை.

"புஸ்தகத்துல இருக்கிறதெல்லாம் கிடங்குல நடக்குமா அக்கா?"

"ஜாடியை ஒரு நாள் கொடுங்க. சாயங்காலம் பெட்டியை நீங்களே எண்ணுங்க."

ஜாடி மேசை நடுவில் உட்கார்ந்தது. சந்தேகம் வந்தால் பழத்தை ஜாடியோடு வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். சாயங்காலம் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒன்றரைப் பெட்டி. நவ்ஃபல் அதைக் கவிழ்த்து, கிளறி, மோந்துகூடப் பார்த்தான். ஆட்டுக்குத் தவிர எதற்கும் ஆகாத சரக்கு.

"ஜாடி இங்கயே இருக்கட்டும்," என்றான். கவிழ்த்ததைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டே, "நான் அந்தப் பொண்ணை அனுப்பினது உங்க வாயை நம்பி. கூப்பிட்டுட்டு வர்றதும் நீங்கதான்," என்றான்.

ரபீஹா வீட்டு வாசலில் ஆடுகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். மப்ரூக்கா உள்ளே போகவில்லை, உட்காரவும் இல்லை. பழத்தைப் பற்றிச் சொன்னாள், மூளையைப் பற்றிச் சொன்னாள், கடைசியில் தன்னைப் பற்றிச் சொன்னாள். ரபீஹா புல் கட்டைக் கீழே வைத்தாள்.

"நான் உங்ககிட்டதானே அக்கா வந்து சொன்னேன், எனக்காகப் பேசுங்கன்னு."

"ஆமா."

"தலையாட்டுனீங்களே."

"ஆட்டுனேன்."

"தப்பா ஒதுக்கின பழத்தைத் திரும்ப எடுத்துத் தட்டுல போட்டுடலாம். நாலு நாளா ரொட்டிக் கடையில எனக்கு யாரும் ஸலாம் சொல்றதில்ல. என்னை எந்தத் தட்டுல எடுத்துப் போடுவீங்க?"

மூளை மேல் பழியைப் போட்டுவிட்டு மப்ரூக்கா நழுவலாம், அதற்கு இப்போது நல்ல காரணமும் கையில் இருந்தது. பழத்துக்கு அது செல்லும். தலையாட்டியதற்கு அது செல்லாது என்று அவளுக்கே தெரிந்தது.

"நாளைக்கு வேலைக்கு வா," என்றாள். "எல்லாரும் உக்காந்தப்புறம் வா."

செவ்வாய் காலை மேசை நிறைந்த பிறகு ரபீஹா வாசலில் வந்து நின்றாள். மப்ரூக்கா எழுந்தாள்.

"ரபீஹா ஒண்ணும் எடுக்கல. இங்க யாருமே எடுக்கல. மேலாளர்கிட்ட அவ பேரைக் கொடுத்தது நான். அவ என்கிட்ட வந்து நின்னப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ரொட்டிக் கடையிலயும் இதைச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். நீங்களும் போற இடத்துல எல்லாம் சொல்லுங்க."

பத்து வருஷம் கூட உட்கார்ந்த நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். நாளைக்கு நம் பேரும் இவள் வாயில் வருமோ என்ற கணக்கு அந்தப் பார்வையில் இருந்தது. அதை மப்ரூக்கா படித்தாள், படித்ததை நியாயம் என்றே வைத்துக்கொண்டாள்.

ரபீஹா வந்தாள். மப்ரூக்காவுக்குப் பக்கத்தில் இருந்த தன் பழைய இடத்தில் உட்காரவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேசையின் அடுத்த கோடியில் போட்டாள். பொறுக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் தன் பங்குக் கழிசலையும் அந்தக் கோடியிலிருந்தே எடுத்துக்கொண்டு போனாள்.

மப்ரூக்கா அதில் ஒரு குற்றமும் காணவில்லை.