யாருக்கும் இல்லாத பேர்

“குப்பம்மான்னுதான் வைக்கணும். குப்பையில போட்டு எடுத்தாத்தான்…”

“அக்கா, நான் சொல்றத முழுசா கேளு…”

“…எமன் திரும்பிப் பாக்க மாட்டான். நீ இன்னாடா சொல்லப் போற? போன்ல பாத்ததையா?”

“ஆல்தியா. வாயில நுழையாத பேரா இது?”

“நுழையுதுடா. தொண்டைக்குக் கீழ எறங்கல.”

செல்வகுமாரி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். புருஷன் மணிபாரதியும் நாத்தனார் விருத்தாம்பாளும் காலையிலிருந்து இதே பேச்சு. மூன்று மாதம் ஆகப்போகிறது, குழந்தைக்கு இன்னும் பேரில்லை. இதற்கு முன் பிறந்த இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. அதனால்தான் விருத்தாம்பாள் அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஒரு முறமும் ஒரு பை தவிடுமாகப் பஸ் ஏறி குருவிநத்தத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைக் குப்பைமேட்டில் முறத்தோடு கிடத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரி அதை எடுத்து, பெற்றவளுக்கே தவிட்டுக்கு விற்பாள். அப்புறம் அது யாரோ வேண்டாமென்று போட்ட பிள்ளை. பேரும் அதற்கேற்ற மாதிரிதான். அந்தப் பேரைக் காதில் மூன்று முறை சொல்வது அத்தையின் உரிமை. விருத்தாம்பாள் அதை விட்டுக்கொடுக்கிறவள் அல்ல.

மணிபாரதி சேதராப்பட்டில் நைட் ஷிப்டு முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவன், சட்டையைக்கூட மாற்றாமல் போனை நீட்டினான்.

“பாரு. இங்கிலீஷ்காரங்க வைக்கிற பேரு. வந்தது கிரேக்க பாஷையிலேர்ந்து. குணமாக்குறவள்னு அர்த்தம்.”

“அத்தினி டாக்டருங்களாலயே ஆவல. ஒரு பேரு குணமாக்கிடுமா?”

“அபூர்வமான பேருன்னு வேற போட்டிருக்கான். அவங்க ஊர்லயே நெறைய பேரு வைக்கிறதில்லியாம்.”

“அவங்களே வேணான்னு தள்ளினத நீ ஏண்டா பொறுக்கிக்கினு வர?”

“உன் குப்பம்மா மட்டும் இன்னா, ஆளாளுக்குப் போட்டி போட்டுக்கினு வைக்கிறாங்களா?”

வேறொரு நாளாக இருந்தால் செல்வி சிரித்திருப்பாள். இன்று உதடு பிரிக்கவே அலுப்பாக இருந்தது.

“பள்ளிக்கூடத்துல குப்பம்மான்னு கூப்பிட்டா மத்த புள்ளைங்க கேலி பண்ணும்க்கா.”

“பண்ணட்டும்டா. பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருந்தா போதும்.”

சொன்ன பிறகுதான் விருத்தாம்பாளுக்கே உறைத்தது. தவிட்டுப் பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி மூடினாள். மணிபாரதி போனை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான்.

“மொதல்ல மகாலட்சுமின்னு வச்சோம். தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க அந்தப் பேருல. அடுத்தது அருள்மொழி. இன்னிக்குக்கூட வில்லியனூர்ல செவுத்துல ஒட்டியிருக்கான், கண்ணீர் அஞ்சலி, அருள்மொழின்னு. எவரோ வயசானவரு. டெய்லி பஸ்ஸுல ஜன்னலோரமா ஒக்காந்து ஒவ்வொரு போஸ்டரா படிச்சிக்கினேதான் வரேன். எல்லாப் பேரும் இருக்குதுக்கா. இந்தப் பேரு மட்டும் ஒரு செவுத்துலயும் இல்ல. இந்தப் பேருல நம்ம பக்கம் ஒண்ணுகூட சாவல.”

விருத்தாம்பாள் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி வுடு. தவிடு கொண்டாந்தது கொண்டாந்ததுதான், குப்பையில போட்டு எடுக்கத்தான் போறேன். காதுல உன் பேரையே சொல்லித் தொலைக்கிறேன். எங்க, இன்னொரு தபா சொல்லு.”

“ஆல்தியா.”

“ஆல்தியா, ஆல்தியா” என்று அவள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். “எழுந்திரும்மா செல்வி. வெயில் ஏறுது. புள்ளைய முறத்துல போடு.”

செல்வி எழவில்லை. மகாலட்சுமி போன பிறகு எத்தனையோ நாள், பால் கட்டிக்கொண்ட மார்போடு அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டேதான் அவள் கண் விழித்தாள். அருள்மொழி போன பிறகு சோறு வடிக்கும்போது, துணி பிழியும்போதெல்லாம் அந்தப் பேர் தானாக வாயில் வந்து நின்றது. பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பேரை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று யாரும் சொல்லவில்லை. இந்த மூன்று மாதமும் ‘பாப்பா’ என்று கூப்பிடுவதில் ஒரு நிம்மதி இருந்தது. அது ஊரில் உள்ள எல்லாக் குழந்தைக்கும் பொது.

விருத்தாம்பாள் முறத்தைத் தட்டித் துடைத்து அவள் காலடியில் வைத்தாள். செல்வி பாப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“ஏன் அண்ணி, பேரே வைக்காம வளத்தா ஆவாதா?”