தையலுக்கு விட்ட இடம்

எம்னா எங்கள் கெல்லருக்கு முதன்முதல் வந்த சனிக்கிழமை, திராமனில் நடக்கவிருந்த ஒரு கலியாணத்துக்குச் சாறி பிளவுஸ் தைக்கக் கொடுத்த நாலு பெண்கள் படிக்கட்டில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் எங்கள் மாடிக்கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் போட, கெல்லர் எனப்படும் ஒரு நிலக்கீழ் அறை உண்டு. மற்றவர்கள் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் பழைய ரயர்களையும் வைத்திருக்க, என் மனைவி மரியரஞ்சனி மூன்று மெசினைப் போட்டு இருபத்தாறு வருசமாய்த் தைக்கிறாள். அந்த நாலு பெண்களையும் தாண்டி, தோளில் ஒரு பெரிய துணிச்சுருளோடு எம்னா இறங்கி வந்தாள். துனிஸில் பிறந்து, ஒஸ்லோவுக்குப் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட ஓவியக்காரி. முந்தின கோடையில் அவளுடைய கிழிந்த கூடாரத்தை ரஞ்சி தைத்துக் கொடுத்திருந்தாள். அந்தத் தையலை நம்பித்தான் வந்திருக்கிறாள்.

கருநீலத் துணி. ஒரு பக்கம் றப்பர் பூசியது. துனிஸின் பழைய நகரத்தில் வீடுகளைத் திறந்துவிட்டு ஒரு கலைவிழா நடத்துகிறார்களாம். உலகம் முழுவதிலுமிருந்து கலைஞர்கள் வந்து, ஆளுக்கொரு வீட்டில் தங்கள் வேலையை வைப்பார்களாம். தன் தகப்பன் பிறந்த வீட்டின் முற்றத்தை இந்தத் துணியால் மூடி, நடுமத்தியானத்தில் இருட்டாக்கப்போவதாக எம்னா நோர்வேஜிய மொழியில் விளக்கினாள்.

நான் எல்லிங்ஸ்ருட் பக்கம் பஸ் ஓட்டுகிறவன். கலை கிலை என்று யாராவது தொடங்கினால் என் வாய் சும்மா இராது. "இருட்டுக்காக ஏன் துனிஸ் வரை போகவேணும்? நவம்பர் மாதம் ஒஸ்லோவில் வெளியே வந்து நின்றால் போதுமே" என்றேன். ரஞ்சி என்னை முறைத்தாள். எம்னாவோ விழுந்து விழுந்து சிரித்தாள். "இருட்டை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன்" என்றாள்.

இருபத்துநாலு துண்டுகள். ஒவ்வொன்றும் ஒன்பது மீற்றர் நீளம். அளவெல்லாம் எழுதிய தாள் ஒன்றை எம்னா சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். பனிக்காலம் முழுக்க ரஞ்சி தைத்தாள். தைக்கத் தைக்க மடித்து மேசைக்குக் கீழே தள்ளுவாள். அந்த அறையில் ஒரு போர்வையைக்கூட முழுதாக விரிக்க இடமில்லை. அவ்வளவு பெரிய துணியை அவள் ஒருநாளும் முழுதாகப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வசந்தத்தில் அது ஒரு பெரிய பைக்குள் அடங்கியது. எம்னா எங்கள் இரண்டு பேருக்கும் ரிக்கற் போட்டுவிட்டாள். கலியாணமும் செத்தவீடும் இல்லாமல் நாங்கள் பிளேனேறிய முதல் பயணம் அதுதான்.

துனிஸில் நான் பரிகசிக்கத் தயாராகத்தான் போனேன். விழா தொடங்குமுன் வீடுகளில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் முகட்டிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாய்த் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிளம்பரைக் கூப்பிடவேண்டிய இடத்தில் ஆட்கள் கைகட்டி நின்று கேட்டார்கள். அடுத்த வீட்டில் ஒரு கிணறு. அதற்குள்ளிருந்து யாரோ மூச்சுவிடும் சத்தம் வந்தது. பெரிய, ஆறுதலான மூச்சு. உள்ளே ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே குனிந்தேன். கொஞ்சநேரத்தில் என் மூச்சும் அதோடு சேர்ந்து போய்வரத் தொடங்கியது. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது, அவ்விடத்தை விட்டு வர மனமும் வரவில்லை. ரஞ்சி இரண்டுதரம் கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

எம்னாவின் வீட்டு வாசலில் ஒரு பலகை. அரபியிலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்ததை எம்னா வாசித்துச் சொன்னாள். முதலில் அவள் பெயர். கீழே, தையல்: மரியரஞ்சனி சூசைரட்ணம், ஒஸ்லோ. இத்தனை வருசத்தில் எத்தனை மணவறைக்கு ரஞ்சியின் கையால் தைத்த சட்டைகள் போயிருக்கும்! ஒருத்தரும் அவள் பெயரை எங்கும் எழுதியதில்லை. அவள் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு யாராவது கண்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாள்.

விழா தொடங்க இரண்டு நாள் இருக்க, மத்தியானம் துணியை ஏற்றினார்கள். மூன்று பக்கக் கொளுக்கிகளிலும் கட்டியாயிற்று. நாலாவது பக்கத்தில் ஏணியில் நின்றவர் இழுத்தார், இன்னொருவரும் ஏறி இழுத்தார். துணி விறைத்து நின்றது, கொளுக்கிக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு கை நீளத்துக்குக் குறைந்தது. கயிறு விட்டுக் கட்டினாலும் அந்த இடைவெளியால் வெயில் பாளமாக வந்து முற்றத்தில் விழுந்தது. இருட்டே முழு வேலையாயிருக்க, இருட்டுத்தான் அங்கே இல்லை. எம்னா அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ரஞ்சியின் காதுக்குள் சொன்னேன். "சுவரை அளந்தவை பிழையா அளந்திட்டினம் எண்டு சொல்லும்."

அவள் என்னைக் கவனிக்கவில்லை. தொங்கிய விளிம்பைப் பிடித்து, ஒரு தையலை விரலால் தடவினாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒவ்வொரு ஓரத்துக்கும் ரெண்டரை சென்ரிமீற்றர் விட்டிருக்கிறன். தாளிலை ஒண்டுதான் போட்டிருந்தது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாறி பிளவுஸ் தைப்பவர்கள் ஓரத்தில் எப்போதும் கூடத் துணி விட்டு உள்ளே மடித்துத்தான் தைப்பார்கள். பிள்ளை பிறந்தால், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் கூடச் சாப்பிட்டால், அதே சட்டை திரும்பி வரும். பிரித்து விட்டுக் கொடுக்கவேண்டும். இருபத்தாறு வருசமாய் அவளுடைய கை அப்படித்தான் விட்டுத் தைத்திருக்கிறது. இப்போதும் கேட்காமலே விட்டுவிட்டது. ஓரத்துக்கு ஒன்றரை கூட; இரண்டு ஓரம் சேரும் ஒரு தையலுக்கு மூன்று சென்ரிமீற்றர் போக, இருபத்துமூன்று தையலுக்கு அறுபத்தொன்பது.

"பேசாமல் இரும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சொன்னதும் எனக்கே வெட்கமாயிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவள் முற்றத்தைக் கடந்து நேரே எம்னாவிடம் போனாள். பிழை தன்னுடையது என்றாள். வாசல் பலகையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அவளுடைய நோர்வேஜியம் பதற்றத்தில் துண்டு துண்டாய் வந்தது. எம்னா நீண்டநேரம் விளிம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்படியானால் குறைகிற துணி இதற்குள்ளேயே இருக்கிறது?"

"இருக்கிறது. பிரித்து விடலாம்."

இருநூறு மீற்றருக்கு மேலே தையல். எம்னாவின் மாமிமாரும் அயல்வீட்டுப் பெண்களும் நூல் வெட்டச் சவர பிளேட்டுகளோடு வந்து முற்றத்தில் வட்டமாய் இருந்தார்கள். சந்தில் திரைச்சீலை தைக்கும் மனிதர் ஒருவர் தன் மெசினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். நோர்வேயில் அயலவர் ஒன்றுகூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்வதை டுக்னாட் என்பார்கள். எங்கள் கட்டடத்தில் டுக்னாட் என்றாலே நான் எங்காவது ஒளிந்துகொள்வேன். இங்கே பாஷை தெரியாமல், நூல் பிரித்துப் பிரித்து என் நகக்கண் புண்ணாகிப்போனது. ரஞ்சி நிமிராமல் தைத்தாள். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்தால், சோறா ரொட்டியா என்றுகூடப் பார்க்காமல் விழுங்கினாள்.

விழா நாள், காலை பதினொரு மணிக்குத்தான் கடைசித் தையல் முடிந்தது. வாசலுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். உள்ளே நாலு பேர் இழுத்தார்கள். நாலாவது பக்கத்துக் கொளுக்கியில் வளையம் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இருட்டு வந்தது. நல்ல இருட்டு. நான் ரஞ்சியின் கையைத் தேடிப் பிடித்தேன்.

கண் பழகியதும் மேலே கண்டேன். துணி முழுக்க, சுவருக்குச் சுவர், கோடு கோடாய் ஒளிப்புள்ளிகள். ஒவ்வொரு புதுத் தையலுக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை. ஆயிரமாயிரம்.

"மாதாவே, பழைய ஊசி ஓட்டையள்" என்றாள் ரஞ்சி. "பருத்தி எண்டால் தண்ணி தொட்டுத் தடவ மூடிப்போடும். இது றப்பர். நான் நினைக்கவேயில்லை. அந்தப் பிள்ளையின்ரை இருட்டை ரெண்டாந்தரமும் பழுதாக்கிப்போட்டன்." என் கையை உதறிவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய், தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

அதற்குள் யாரோ வாசலைத் திறந்துவிட்டார்கள். சனம் உள்ளே வந்தது. வந்தவர்கள் இரண்டடி வைத்ததும் கதைப்பதை நிறுத்தினார்கள். எம்னா நடுமுற்றத்தில் அண்ணாந்தபடி நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அந்த இருட்டில் எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்று அவளை நோக்கி நடந்தேன். நடக்கும்போதுதான் அது நடந்தது. மேலே ஒரு ஓட்டை மட்டும் திடீரென்று கண் கூசப் பளிச்சென்று எரிந்தது. சூரியன் அதற்கு நேர் பின்னால் நின்றது. நான் ஒரு அடி வைக்க, அது அணைந்து பக்கத்து ஓட்டை எரிந்தது. அடுத்த அடிக்கு அடுத்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. பின்னுக்குப் போனால் பின்னுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற மனிதரின் சூரியன் வேறு ஓட்டையில் இருந்திருக்கவேண்டும். அவர் வேறெங்கோ பார்த்து வாயைத் திறந்தபடி நின்றார். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. ஐம்பத்தெட்டு வயதில், இத்தனை பரிகாசத்துக்குப் பிறகு, எனக்கு அழுகை வந்தது.

தூணடிக்குப் போனேன். "ரஞ்சி, மேலை பாரும்."

"நான் பாக்கமாட்டன். அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. வந்து நடவும்."

அவளை இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தேன். அவள் பிடிவாதமாய் நிலத்தையே பார்த்தாள். யாரோ ஒரு பெண் அண்ணாந்தபடி வந்து அவள்மேல் முட்டி, மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனாள். அவள் எதைப் பார்க்கிறாளென்று ரஞ்சி நிமிர்ந்தாள். ஒரு அடி வைத்தாள். நின்றாள். இன்னும் ஒரு அடி.

"என்னோடை வருது" என்றாள்.

என் கையை விட்டாள். தன் தையலை ஒட்டியே, ஓட்டை ஓட்டையாய், சுவர்வரை போய்த் திரும்பி அடுத்த வரிசையில் வந்தாள். எம்னாவைத் தேடினேன். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பின்பக்கமாய் மெல்ல நடந்துகொண்டிருந்தாள். நாற்பது ஐம்பது பேர் அந்த முற்றத்தில் முகத்தை மேலே வைத்துக்கொண்டு, ஆளோடு ஆள் இடித்து, சத்தமில்லாமல் நடந்தார்கள். அவர்களுக்கு நடுவே என் மனைவி மூன்றாவது வரிசையைத் தொடங்கினாள்.